நான்ஸ்டிக் ஆப்பச்சட்டி: ஆப்பத்தில் குறையில்லை, ஸ்டிக்கரில்தான்

ஆண்டு இறுதித் தள்ளுபடியில் விலை இறங்கியிருக்கிறது, உன்னிடம் இருக்கிற அதே சட்டியை வாங்கட்டுமா என்று மார்த்தாண்டத்திலிருந்து மதினி கேட்டார்கள். அகலம், எடை, மூடி எல்லாம் கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம். பல ஆண்டுகளாக அதில் ஆப்பம் சுட்டவள் என்ற முறையில் மற்றதைச் சொல்கிறேன்.

முதலில் நியாயமானதைச் சொல்லிவிடுகிறேன். ஆப்பத்துக்கு இதைவிட நல்ல சட்டி என் அடுக்களைக்கு வந்ததில்லை. மாவை ஊற்றி, இரண்டு காதையும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் ஓரமெங்கும் ஒரே சீராகப் படிகிறது. மூடியைத் திறக்கும்போது ஓரம் தானாகவே விட்டு நிற்கும். சாய்த்தால் தட்டில் வழுக்கி இறங்கும். எண்ணெய் பெயருக்குத்தான். கள் வேண்டுமென்றால் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போக வேண்டும் என்பதால் நம் வீட்டு மாவு ஈஸ்ட்டை நம்பியது. சில நாள் பொங்காமல் சதி செய்யும். அந்த மாவைக்கூட இந்தச் சட்டி ஆப்பமாக்கித் தந்திருக்கிறது. அம்மாவின் இரும்புச் சட்டி ஒருநாளும் இப்படித் தயவு காட்டியதில்லை.

அண்மையில் ஒரு காது ஆட்டம் கண்டது. பாத்திரக்கடையில் கொடுத்து ஆணியை மாற்றி வாங்கியபோதுதான் வெளிச்சத்தில் உள்பக்கத்தைப் பார்த்தேன். மாவு முதலில் விழுகிற நடுக்குழியில் கறுப்பு தேய்ந்து அலுமினியம் வெளுத்துத் தெரிகிறது. ஆணித்தலையைச் சுற்றி மேற்பூச்சு செதிலாக எழும்பி நிற்கிறது. நகம் பட்டால் உதிர்கிறது. சிரட்டை அகப்பையைத் தவிர வேறெதையும் நான் அதில் போட்டதில்லை. விற்ற நிறுவனத்துக்குப் போன் செய்தால், மேற்பூச்சுக்கு உத்தரவாதம் பொருந்தாதாம். மேற்பூச்சை விட்டால் அந்தச் சட்டியில் காசு கொடுத்து வாங்க வேறு என்ன இருக்கிறது?

செதில் வயிற்றுக்குள் போய்விடுமே என்ற பயத்தில் இதை எழுதவில்லை. அது பெரும்பாலும் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும் என்றுதான் அறிவியலாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு ஆறாத எரிச்சல், பெட்டியில் ஒட்டியிருந்த பச்சை ஸ்டிக்கர்மீது: ‘பி.எஃப்.ஓ.ஏ. இல்லை’. பொய் இல்லை. பி.எஃப்.ஓ.ஏ. என்பது இந்தப் பூச்சைத் தயாரிக்கும்போது துணைக்குச் சேர்த்துவந்த பொருள். பூச்சோ பி.டி.எஃப்.இ., 1938இல் கண்டுபிடிக்கப்பட்ட டெஃப்லான். இரண்டுமே பி.எஃப்.ஏ.எஸ். என்கிற, ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்கள் கொண்ட ஒரே குடும்பம். கார்பனும் ஃப்ளோரினும் இறுகப் பிடித்துக்கொண்ட பிடியால்தான் மாவு ஒட்டுவதில்லை. அதே பிடியால்தான் மண்ணிலும் நீரிலும் இவை மட்குவதில்லை. மீனே ஆகாது என்பவரிடம் ‘இதில் சாளை இல்லை’ என்று எழுதிய நெத்திலிக் குழம்பை நீட்டுவது போன்ற நேர்மை அந்த ஸ்டிக்கருக்கு.

பி.எஃப்.ஓ.ஏ. இல்லை என்று ஏன் அவ்வளவு அவசரமாக ஒட்டினார்கள் என்பதற்குக் கதை இருக்கிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், டெஃப்லான் தயாரித்த டூபான்ட் ஆலையின் பி.எஃப்.ஓ.ஏ. கலந்த கழிவால் மாடுகள் செத்துவிழ, வில்பர் டெனன்ட் என்ற விவசாயி ராபர்ட் பிலட் என்ற வழக்கறிஞரைத் தேடிப் போனார். அதன் தொடர்ச்சியாக அப்பகுதியில் ஏறத்தாழ 69,000 பேரிடம் தரவும் ரத்த மாதிரியும் திரட்டப்பட்டன. சிறுநீரகப் புற்றுநோய், தைராய்டு நோய் உட்பட ஆறு பாதிப்புகளுக்கு பி.எஃப்.ஓ.ஏ.வோடு தொடர்பு இருக்கக்கூடும் என்று அறிவியலாளர் குழு சொன்னது. 2019இல், எளிதில் மட்காத நச்சுப்பொருள்களுக்கு எதிரான பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் பி.எஃப்.ஓ.ஏ. சேர்ந்தது. அதற்கு மாற்றாக வந்த ஜென்எக்ஸ், 2017இல் வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றில், வில்மிங்டன் நகரம் குடிக்கிற நீரில், இருப்பது செய்தியானது. அதுவும் இதே குடும்பம்தான். மினசோட்டா மாநிலம் 2025 ஜனவரி முதல் இந்தப் பூச்சுள்ள பாத்திரங்களின் விற்பனையையே தடை செய்துவிட்டது. நமக்கு இன்னும் பச்சை ஸ்டிக்கர்.

பழைய சட்டியை என்ன செய்வது என்பது அடுத்த தலைவலி. ஆக்கர் கடைக்காரர், அதாவது பழைய சாமான் வாங்குகிறவர், அலுமினியத்துக்கு எடை போட்டுக் காசு தரத் தயார். உருக்கினால் பூச்சு எரிந்துபோகும் என்கிறார். எரிந்தால் வருவது நச்சுப் புகை. அடுப்பிலேயே வெறும் சட்டியை முழுத் தீயில் மறந்துவிட்டால் கிளம்புகிற புகை கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும். அடுக்களைப் பக்கம் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டும். வாய்க்கால் கரையில் வீசுவதா? குளமும் கால்வாயும் பின்னிக் கிடக்கிற மாவட்டத்தில் அது எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. சட்டி இப்போது பரணில்.

ஆப்பத்துக்கு மட்டும் மதிப்பெண் என்றால் ஐந்துக்கு ஐந்து, தயங்காமல் போடுவேன். ஆனாலும் மதினி, பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி. வடசேரிச் சந்தைப் பக்கம் வரும்போது கனமான இரும்புச் சட்டியாகப் பார்த்து எடுங்கள். கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, எண்ணெய் தடவிக் காய்ச்சி, சில நாள் வெங்காயம் வதக்கிப் பழக்க வேண்டும். முதலில் பிய்ந்துதான் வரும். வாங்குவதானால் இந்த வாரமே வாங்குங்கள். கிறிஸ்துமஸ் காலையில் விருந்தாளிகளை உட்காரவைத்துவிட்டுப் புதுச் சட்டியோடு மல்லுக்கட்ட முடியாது.