மொய் விருந்தா, குழுக் கடனா?

புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், பேராவூரணி பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்து களைகட்டும். பணம் தேவைப்படுகிறவர்கள் ஊரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போட்டு, மொய்யாக வருகிற பணத்தை நோட்டில் எழுதிக்கொள்வார்கள்; பின்னால் அவரவர் விருந்தில் திருப்பிச் செய்வார்கள். வட்டி இல்லை, ஜாமீன் இல்லை. ஆழ்துளைக் கிணறு போட ஒரே நாளில் காசு சேரும். ஆனால் திருப்பிச் செய்யும்போது கொஞ்சம் கூட்டி வைப்பதுதான் மரியாதை. 2018 கஜா புயலில் தென்னை சாய்ந்து நொடித்த வீடும் வாங்கிய மொய்யைத் திருப்பித்தான் ஆக வேண்டும். மானத்துக்கு அஞ்சி நகையை அடகு வைத்து மொய் செய்கிறவர்களை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் வாங்கும் கடனுக்கு வட்டி உண்டு, தொகையும் சிறியது. என்றாலும் தவணை முன்கூட்டியே தெரியும். கணக்கு பெண்கள் கையில்.

நாலு வீட்டுக்கு மொய் செய்திருந்தால்தான் நம் பந்தலில் பணம் விழும். நிலமில்லாத குடும்பத்திடம் அதற்கு ஏது காசு? அவர்களுக்குக் குழுதான் சரி. விருந்தை விட முடியாதவர்கள் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்தினால் கறிச் செலவாவது மிஞ்சும்.