பெங்களூரு வரைபடக் கோப்பில் பெயரை மட்டும் எடுக்க: பிஎச்பியில் எந்த வழி?

அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துப் பஸ் ஸ்டாப், கோயில் பெயர்களைத் தமிழில் காட்ட ஓர் ஆப் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்திலிருந்து எடுத்த ஜியோஜேசன் (இடங்களை ஜேசன் வடிவில் எழுதும் முறை) கோப்பில் நமக்கு வேண்டியது 'நேம்' (பெயர்), 'நேம்:டிஏ' (தமிழ்ப் பெயர்) என்ற இரண்டே ஃபீல்டு. மிச்சத்தில் பெரும்பகுதி ஆயத்தொலைவுகள்தான்.

பிஎச்பியில் உள்ளடங்கிய ஜேசன்_டீகோட் ஃபங்ஷன் சின்னக் கோப்புக்கு அருமை. பெரிய கோப்பில் மெமரியை விழுங்கிவிடும். [77.59,12.97] என்ற ஜோடி கோப்பில் 13 பைட். பிஎச்பியிலோ அது தனி அர்ரே. 64 பிட் மெஷினில் அதன் தலைப்பகுதிக்கே 56 பைட், எண்கள் அதற்கு மேல். பிஎச்பியின் 128 எம்பி என்ற இயல்பு மெமரி வரம்பு எப்படித் தாங்கும்? வரம்பை ஏற்றுவதும் தீர்வல்ல, கோப்பு வளர்ந்தால் மறுபடி அதே கதை.

ஜேசனை வாசிக்கும் சிம்ட்ஜேசன் எக்ஸ்டென்ஷன் (பிஎச்பியில் தனியாக நிறுவும் கூடுதல் பகுதி) வேகத்தில் கில்லாடி. ஆனாலும் முழுக் கோப்பும் ஸ்ட்ரிங்காக மெமரிக்கு வரவேண்டும். ஒரே ஒரு மதிப்பு போதுமென்றால் எடுங்கள். பாதை பாதையாக ஆயிரம் முறை கேட்டால் ஆயிரம் முறையும் முதலிலிருந்து பார்ஸ் செய்யும்.

என் ஓட்டு ஜேசன் மெஷினுக்கு; கோப்பைத் துண்டு துண்டாக வாசிக்கும் பிஎச்பி லைப்ரரி அது. பேக்கேஜ்களை நிறுவும் கம்போசரில் போட்டால் போதும், எக்ஸ்டென்ஷன் தேவையில்லை. கோப்பில் எந்தப் பகுதி வேண்டும் என்று காட்டும் சுட்டியை '/ஃபீச்சர்ஸ்' (இடங்களின் பட்டியல்) என்று கொடுத்து ஃபோர்ஈச் ஓட்டினால் ஒரு சமயத்தில் ஓர் இடம் மட்டுமே மெமரியில் இருக்கும். வேகத்தில் ஜேசன்_டீகோடுக்குப் பின்னால்தான் நிற்கும். இரவில் ஓடும் வேலைக்கு அது பெரிய விஷயமில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இடைக்கோட்டை வைல்டுகார்டாக (எந்த இடத்துக்கும் பொருந்தும் குறியாக) வைத்து இரு பெயர்களுக்கும் தனித்தனிச் சுட்டி கொடுக்கத் தோன்றும். தமிழ்ப் பெயர் இல்லாத இடங்கள் ஏராளம். வரிசைப்படி ஜோடி சேர்த்தால் ஒரு கோயிலின் தமிழ்ப் பெயர் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். ஃபீச்சரை, அதாவது ஓர் இடத்தின் பதிவை, முழுசாக வாங்கி, உள்ளே இரண்டையும் எடுப்பதே பத்திரம். இயல்பாக ஆப்ஜெக்ட்டாகத்தான் வரும். 'நேம்:டிஏ' முக்காற்புள்ளி உள்ள கீ என்பதால், டீகோடரை அர்ரே தரும்படி மாற்றிவிடுங்கள்.

சர்வரில் கமாண்ட் ஓட்ட அனுமதி இருந்தால் ஜேசனை அலசும் கமாண்ட்லைன் கருவியான ஜேக்யூவும் நல்ல வழி: வரிக்கு ஒரு பதிவாகப் பிரித்துத் தரும், பிஎச்பி அதை எஃப்கெட்ஸில் வரி வரியாக வாசித்துக்கொள்ளும். ஆனால் ஜேக்யூவும் இயல்பாக முழு ஆவணத்தையும் மெமரியில் ஏற்றும். அதைத் தவிர்க்க '--ஸ்ட்ரீம்' போடவேண்டும். போட்டதும் ஃபில்டர் எழுதுவது வேறு மாதிரி ஆகிவிடும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் பலர் கமாண்ட் ஓட்டும் வசதியைப் பூட்டியே வைத்திருப்பார்கள்.