பிராங்கிங் மெசினுக்கு எந்தக் கடித உறை வாங்கலாம்?

பிராங்கிங் மெசின் என்பது ஒட்டும் முத்திரைக்குப் பதிலாகத் தபால் கட்டணத்தையும் திகதியையும் முத்திரையாக உறையில் அச்சடிக்கும் இயந்திரம். யாழ்ப்பாணத்துப் புத்தகசாலைகளில் கிடைக்கிற உறைகளில் அதற்கு நன்றாக ஒத்துவருவது 110 × 220 மில்லிமீற்றர் வெள்ளை உறைதான். ஏ4 தாளை மூன்றாக மடித்தால் அளவாக உள்ளே போகும். உறையின் தாள் 80 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீற்றர் தாளின் எடை, கிராமில்) குறையக்கூடாது. மூடி நீளப் பக்கத்தில் இருக்கவேண்டும். குறுக்குப் பக்கத்தில் மூடி வைத்த உறைகளைக் கையால் ஒட்டித்தான் மெசினுக்குக் கொடுக்கலாம்.

மண்ணிறக் காகித உறை மலிவு. ஆனால் ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவித்தலை நூற்றுக்கணக்கில் அனுப்பும்போது அந்த மலிவு நிற்காது. தும்பு உதிர்ந்து றோலரில் படியும், றோலர் வழுக்கும், இரண்டு உறை ஒன்றாக இழுபடும். மேலே இருப்பதில் மட்டுமே முத்திரை விழும். சிவப்பு மையும் மண்ணிறத்தில் மங்கிப்போகும். பளபளப்பான அழைப்பிதழ் உறை இன்னும் மோசம்: மை ஊறாமல் மேலேயே நிற்கும், அடுத்த உறை உரசியதும் அழியும். இந்த இரண்டுக்கும் ஒட்டுத்தாளில் முத்திரை அடித்து ஒட்டுவதே ஒழுங்கு.

வெள்ளை உறையிலும் பசை சோதிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரக்காற்றுப் பட்டுப் பசை தானாக இளகி, மூடி உறையோடு ஒட்டிவிடும். மெசினில் மூடியைத் திறக்கிற மெல்லிய தகடு உள்ளே நுழைய முடியாமல் உறையைக் கசக்கும், சிலவேளை கிழிக்கும். பெட்டியை நிலத்திலோ சுவரோடோ வைக்காமல் பொலித்தீனில் சுற்றி அலுமாரி மேல்தட்டில் வையுங்கள். மாரிக்கு முன்னர் மொத்தமாக வாங்கி அடுக்குவது வீண்செலவு.

பலரும் கவனிக்காதது தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்தில் அடியில் படிகிற அதே வெள்ளை, மூடியை நனைக்கும் தூரிகையிலும் பஞ்சிலும் படிந்து இறுகும். பிறகு மூடி நடுவில் மட்டும் ஒட்டி, இரு முனையும் திறந்தபடி போகும். பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரை (அசிட் அல்ல!) பாவித்தால் இந்தத் தொல்லை இல்லை. அளவுக்கு மிஞ்சி நனைத்தாலும் உறைகள் ஒன்றோடொன்று ஒட்டும்.

அடுக்கும்போது ஒரே அளவு, ஒரே எடை உறைகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். மெசினில் வைத்த கட்டணம் மாற்றும்வரை அதுவேதான் விழும். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். மூன்று தாளும் உறையும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 20 கிராம். எடைக்கேற்பக் கட்டணம் மாறும், ஆகவே தாளை உள்ளே போட்டபின் நிறுங்கள். ஸ்டேப்பிள், கிளிப் இருந்தால் கழற்றுங்கள். கழற்ற முடியாவிட்டால் இடப்பக்கக் கீழ்மூலையில் விழும்படி மடியுங்கள். வலப்பக்க மேல்மூலை மேடாக இருந்தால் முத்திரையின் நடுவில் வெள்ளைக் கோடு விழும், மைத்தலையும் தேயும். உறைக் கட்டை விசிறிபோல் விரித்துக் காற்று விட்டு, மேல்விளிம்பை மேசையில் தட்டிச் சமப்படுத்துங்கள். சில மெசின்கள் மூடிய மூடியைத் தாமே திறக்கும். சிலவற்றுக்கு மூடிகளைத் திறந்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கொடுக்கவேண்டும். கையேட்டைப் பாருங்கள்.

திகதியையும் பாருங்கள்: தபாற்கந்தோரில் கொடுக்கும் நாள்தான் முத்திரையில் இருக்கவேண்டும். பின்னேரக் கட்டு மறுநாள்தான் போகும் என்றால், ஓட்டத் தொடங்கமுன் மறுநாள் திகதிக்கு மாற்றிவிடுங்கள்.