பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையா, பெஞ்ச் சப்ளையா?

மண்டபம், பாம்பன் பக்கம் படகு ஜிபிஎஸ், வயர்லெஸ் செட், எல்இடி விளக்கு பழுது பார்க்கும் மேசைக்கு இரண்டு வழி: காயலான் கடையில் கிடைக்கும் பழைய கம்ப்யூட்டரின் ஏடிஎக்ஸ் பவர் சப்ளை, அல்லது வோல்ட்டையும் ஆம்பியரையும் திருகி வைக்கும் 30 வோல்ட் 5 ஆம்பியர் பெஞ்ச் சப்ளை.

ஏடிஎக்ஸின் பலம் ஆம்பியர். மஞ்சள் ஒயர் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3 வோல்ட், கறுப்பு கிரவுண்டு. பச்சையைக் கறுப்போடு சுவிட்ச் வழியாகச் சேர்த்தால் ஓடும். பழைய மாடல்கள் சுமையில்லாவிட்டால் அணைந்துவிடும், அல்லது வோல்ட் தள்ளாடும். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் போட்டால் அரை ஆம்பியர் இழுத்து நிலைக்கும். அது சுடும், ஃபேன் காற்றில் வையுங்கள். ஆரஞ்சோடு சேர்ந்து வரும் மெல்லிய பழுப்பு ஒயர், வோல்ட்டை அளந்து சப்ளைக்குச் சொல்லும் சென்ஸ் ஒயர், வெட்டாதீர்கள்.

ஆபத்தும் அதே ஆம்பியர்தான். ஷார்ட் ஆனால், உள்ளிருக்கும் பாதுகாப்பு விழிப்பதற்குள் பழுதுக்கு வந்த போர்டின் செம்புத் தடம் எரிந்துவிடும். மஞ்சளில் 3 ஆம்பியர் ஃபியூஸ் இல்லாமல் தொடவே கூடாது. பெஞ்ச் சப்ளையிலோ 0.5 ஆம்பியர் எனத் திருகி வைத்தால் போதும், ஷார்ட்டில் வோல்ட் தானே இறங்கும். சந்தேகமான போர்டுக்கும், 13.8 வோல்ட் கேட்கும் வயர்லெஸ் செட்டுக்கும் இதுதான் சரி. (படகு பேட்டரியை ஏடிஎக்ஸின் 12 வோல்ட்டால் முழுதாக ஏற்ற முடியாது, கேட்டு வருபவர்கள் அதிகம்.)

எல்இடி விளக்கு, மோட்டார் சோதனைக்கு ஏடிஎக்ஸே தாராளம்.

உப்புக்காற்று ஃபேன் வழியே ஏடிஎக்ஸுக்குள் படிந்துகொண்டே இருக்கும். சுத்தம் செய்யத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் பொறுத்து, பெரிய கெப்பாசிட்டரில் மிச்ச வோல்ட்டை மீட்டரால் பாருங்கள்; 300 வோல்ட்டுக்கு மேலும் தங்கியிருக்கலாம்.