ஸ்பெயினில் பத்து நாள்: அந்தலூசியாவா, பாஸ்க்கா, கலீசியாவா?

ஸ்பெயினுக்கு டிக்கெட் போட்டுவிட்டு "எங்கெங்கே போகலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, கட்டடங்களைப் பார்க்கப் போகிறீர்களா, மனிதர்களைப் பார்க்கப் போகிறீர்களா என்பதுதான். கட்டடங்கள் என்றால் வேலை சுலபம். மத்ரீத், பார்சலோனா, கிரனாதா என்று ரயிலிலேயே ஒரு சுற்று வந்துவிடலாம். அங்குள்ளவர்கள் எப்படி வாழ்கிறார்கள், எதைக் கொண்டாடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை என்றால், பத்து நாளையும் ஒரே பகுதிக்குக் கொடுத்துவிடுங்கள். ஸ்பெயினில் 17 தன்னாட்சிப் பகுதிகள் இருக்கின்றன. சமையலும் இசையும் வானிலையும் பகுதிக்குப் பகுதி மாறும்; சில இடங்களில் மொழியே வேறு. ஐந்தாறு பகுதிகளை ஓடி ஓடிப் பார்த்தால் கடைசியில் எதுவும் மனதில் தங்காது.

மூன்று பகுதிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். தெற்கே அந்தலூசியா, வடக்கே பிரெஞ்சு எல்லையை ஒட்டிய பாஸ்க், வடமேற்கு மூலையில் போர்ச்சுகலுக்கு மேலே இருக்கும் கலீசியா. மூன்றையும் அளக்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: தன் அன்றாட வாழ்க்கையில் வெளியூர்க்காரருக்கு அந்த ஊர் எவ்வளவு இடம் கொடுக்கிறது?

அந்தலூசியா: எல்லாம் தெருவில்

ஸ்பெயின் என்றதும் நம் மனதில் வருகிற ஃபிளமெங்கோ, வெள்ளைச் சுவர்கள், ஆரஞ்சு மரங்கள், அரபுக் கலையின் அழகு எல்லாமே அந்தலூசியாதான். 711-இல் முஸ்லிம் படைகள் கடல் கடந்து வந்து இறங்கியதிலிருந்து 1492 ஜனவரியில் கிரனாதாவின் முஸ்லிம் அரசு வீழ்ந்தது வரை ஏறத்தாழ 800 ஆண்டு வரலாறு இந்த மண்ணில் படிந்திருக்கிறது. கோர்தோபா பெரிய பள்ளிவாசலின் தூண் காட்டுக்குள் நின்றால் அது புரியும். எட்டாம் நூற்றாண்டில் தொடங்கிய அந்தக் கட்டடத்தின் நட்டநடுவில் 16-ஆம் நூற்றாண்டில் ஒரு தேவாலயத்தை எழுப்பினார்கள். இரண்டும் இன்றைக்கும் ஒரே கூரையின் கீழ் நிற்கின்றன. கிரனாதாவின் அல்ஹம்ப்ரா கோட்டையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அதற்குள் இருக்கும் நஸ்ரித் அரண்மனைகளுக்கு நேரம் குறித்த சீட்டு வேண்டும், அதை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

வாழ்க்கை என்று வந்தால், புனித வாரத்தில் செவியா நகரத்துக்கு ஈடாக நான் எதையும் பார்த்ததில்லை. ஈஸ்டருக்கு முந்தைய அந்த வாரத்தில் இயேசுவையும் மரியாவையும் பெரிய மரப் பல்லக்குகளில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுவருகிறார்கள். நம் கோயில்களில் சீர்பாதந்தாங்கிகள் சுவாமியைத் தோளில் சுமப்பார்கள். செவியாவில் முப்பது நாற்பது பேர் பல்லக்குக்கு அடியில், துணி மறைப்புக்குள் நின்று பிடரியில் சுமக்கிறார்கள். வழி அவர்களுக்குத் தெரியாது. முன்னால் நடக்கும் தலைவர் குரல் கொடுப்பார், பல்லக்கில் பதித்திருக்கும் உலோகச் சுத்தியைத் தட்டுவார். அத்தனை பேரும் ஒரே மூச்சில் எழும்போது பல்லக்கு காற்றில் ஒரு துள்ளு துள்ளி நிற்கும். திடீரென்று ஏதோ ஒரு மாடியிலிருந்து ஒருவர் துணை இசை எதுவும் இல்லாமல் பாடத் தொடங்குவார். சாயேத்தா என்பார்கள் அதை. பாட்டு முடியும் வரை பல்லக்கு நகராது. இதற்கெல்லாம் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. தெருவோரம் கால் கடுக்க நிற்கும் பொறுமை இருந்தால் போதும்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து அதே ஊரில் நடக்கும் ஏப்ரல் ஃபெரியா என்னும் திருவிழா இதற்கு நேர்மாறு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூடாரங்கள், விளக்குத் தோரணங்கள், குதிரை வண்டிகள், மடிப்பு மடிப்பாகப் பாவாடை கட்டிய பெண்கள் என்று பார்க்கக் கண் கூசும். ஆனால் அந்தக் கூடாரங்களில் பெரும்பாலானவை தனியாருடையவை: குடும்பங்கள், நண்பர் குழுக்கள், நிறுவனங்கள் வாங்கி வைத்திருப்பவை. உள்ளே யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் திறந்திருக்கும் பொதுக் கூடாரங்கள் கொஞ்சம்தான். யாரையும் தெரியாமல் ஃபெரியாவுக்கென்று போனால், கல்யாண வீட்டு வாசலில் அழைப்பில்லாமல் நிற்கிற உணர்வுதான் வரும்.

அந்தக் குறையைத் தீர்த்து வைப்பது மே மாதத்துக் கோர்தோபா. இரண்டு வாரம், தங்கள் வீட்டு நடுமுற்றங்களை மக்கள் ஊருக்கே திறந்துவிடுகிறார்கள். 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த திருவிழா இது. சுண்ணாம்புச் சுவர் முழுக்கப் பூந்தொட்டிகள், கையெட்டாத உயரம் வரை. நான் போயிருந்தபோது ஒரு பாட்டி நீண்ட கழியின் நுனியில் தகர டப்பாவைக் கட்டி, கிணற்று நீரை மொண்டு, மேல்வரிசைத் தொட்டிகளுக்கு ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு சுவரில் வழியவில்லை. எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். காலையில் ஒரு முறை, வெயில் கூடினால் சாயங்காலமும் ஒரு முறை என்றார். நம் பழைய முற்றத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அங்கிருந்து கிளம்ப மனம் வராது.

ஃபிளமெங்கோ பார்க்க வேண்டுமா? செவியாவில் சுற்றுலாப் பயணிகளுக்கான மேடைகளில் நல்ல கலைஞர்கள் ஆடுகிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹெரெஸ் பக்கம் பெஞா எனப்படும் ரசிகர் சங்கங்களில் ஒரு மாலை உட்கார்ந்தால், பாடகர் ஒரு சுரத்தை இழுத்து நிறுத்தும் அதே நொடியில் பின்வரிசைப் பெரியவர் "ஓலே" என்று மெல்லச் சொல்வது காதில் விழும். சபையில் ஒரு நல்ல சங்கதிக்கு வாய் தானாக "பலே" என்னுமே, அதே இடம்.

வெயிலைச் சொல்லாமல் விட முடியாது. ஜூலை, ஆகஸ்டில் செவியாவும் கோர்தோபாவும் 40 டிகிரியைத் தாண்டும். நமக்குப் பழகிய வெயில்தானே என்று போய்விடாதீர்கள். பிற்பகலில் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும், நீங்கள் மட்டும்தான் தெருவில் நடப்பீர்கள்.

பாஸ்க்: எல்லாம் மேசையில்

பாஸ்க் மக்களின் மொழியான எவுஸ்கராவுக்கு உலகில் வேறெந்த மொழியோடும் உறவு நிறுவப்படவில்லை. பிராங்கோவின் சர்வாதிகாரக் காலத்தில் பொது இடங்களிலிருந்து ஒதுக்கப்பட்ட மொழி, 1979-இன் தன்னாட்சிச் சட்டத்தில் அரசு மொழியாக ஏறியது. மொழி என்றால் உயிர் என்பதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடையில் "எஸ்கெர்ரிக் அஸ்கோ" என்று நன்றி சொல்லிப் பாருங்கள், முகம் மாறுவது தெரியும்.

சான் செபாஸ்தியானின் பழைய நகரத்தில் பின்ச்சோ என்னும் சின்னச் சின்னத் தின்பண்டங்களைச் சாப்பிடும் முறையே ஒரு பாடம். ஒரு கடையில் ஒன்று, ஒரு மடக்கு, அடுத்த கடை. ஒரே இடத்தில் உட்கார்ந்து வயிற்றை நிரப்பினால் அந்த மாலையின் சுவை போய்விடும். மேசையில் அடுக்கியிருப்பதை விட, கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சூடாகச் செய்து தருபவைதான் சிறந்தவை. இதில் ஊர் மக்களோடு தோளோடு தோள் நிற்கலாம், உண்மைதான். ஆனால் பாஸ்க்கின் உண்மையான சமையல் நடப்பது சோகோ என்னும் சமையல் சங்கங்களில். உறுப்பினர்கள் தாங்களே சமைத்துச் சாப்பிடும் இடங்கள் அவை. நீண்ட காலம் ஆண்களுக்கு மட்டும் என்று இருந்தன. இப்போது பல சங்கங்களில் அது மாறியிருக்கிறது. உறுப்பினர் ஒருவர் அழைத்தால் மட்டுமே உள்ளே போகலாம்.

வெளியாருக்கும் திறந்திருப்பது ஆப்பிள் மது விடுதி. ஜனவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை எர்னானி, அஸ்திகர்ராகா பக்கம் பெரிய பீப்பாய்களைத் திறப்பார்கள். யாராவது "சோச்!" என்று குரல் கொடுத்ததும் எல்லோரும் தட்டை விட்டு எழுந்து வரிசையில் போய், பீப்பாயிலிருந்து நூல் போலப் பாயும் மதுவைக் கோப்பையைச் சாய்த்துப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவர் கோப்பையை எடுக்கும் முன் அடுத்தவர் கோப்பை கீழே வந்துவிட வேண்டும். சாப்பாடு மாறாது: கருவாட்டு மீன் ஆம்லெட், மிளகாயோடு மீன், தீயில் வாட்டிய மாட்டிறைச்சி, கடைசியில் சீமைமாதுளைப் பாகோடு இதியசாபல் பாலாடைக்கட்டி, அக்ரூட் கொட்டை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கடைசித் தட்டு மட்டும்தான் மிஞ்சும்.

பாஸ்க்கில் என்னை ஆட்டிப் படைத்தது பெர்ட்சோலாரிகள். தலைப்பையும் மெட்டையும் கொடுத்தால் நின்ற இடத்தில் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்கள். முடிவு வரியை முதலில் மனதில் பிடித்துக்கொண்டு, அதை நோக்கி மற்ற வரிகளைக் கோக்கிறார்கள். ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொன்ன நம் ஆசுகவிகளின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவருக்கு மயிர்க்கூச்செறியும். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் இறுதிப் போட்டிக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். மொழி தெரியாமல் கேட்டால் பாதிதான் கிடைக்கும் என்பதுதான் வருத்தம். செலவும் மூன்றில் இங்கேதான் அதிகம்.

கலீசியா: எல்லோருக்கும் ஒரே பெஞ்சு

மழை, பச்சை, கருங்கல். ஸ்பெயின் பற்றி நாம் வைத்திருக்கும் படம் எதுவும் இங்கே பொருந்தாது. கலீசிய மொழி போர்ச்சுகீசியத்துக்கு நெருங்கிய சொந்தம். இசைக்குத் தோல்பை ஊதுகுழல். தூறலுக்குத் தனியாக "ஒர்பாயோ" என்று ஒரு சொல். ஊர் ஏக்கத்துக்கு "மொர்ரீஞா". அந்த ஏக்கத்துக்குக் காரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இலட்சக்கணக்கானவர்கள் பிழைப்புக்காகக் கூபாவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் கப்பலேறினார்கள். புவெனஸ் அயர்ஸில் இன்றைக்கும் ஸ்பெயின்காரர் யாராக இருந்தாலும் பேச்சுவழக்கில் "கயேகோ", அதாவது கலீசியர்தான்.

இங்கே நுழைய ஒரு நல்ல வழி இருக்கிறது: நடப்பது. சாந்தியாகோ தெ கொம்பொஸ்தேலா நகரத்துப் பேராலயத்துக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதையில் சார்ரியா என்ற ஊரிலிருந்து தொடங்கினால் சுமார் 115 கிலோமீட்டர். ஐந்தாறு நாளில் முடித்துவிடலாம். கால்நடையாகக் குறைந்தது 100 கிலோமீட்டர் வந்தவர்களுக்குப் பேராலயத்தின் சார்பில் லத்தீனில் எழுதிய சான்றிதழ் தருகிறார்கள். வழியில் விடுதிகளிலும் காபிக் கடைகளிலும் ஒரு சிறு அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டே வர வேண்டும். பக்தி இருந்தால்தான் நடக்கலாம் என்றில்லை. பழனிக்குப் பாதயாத்திரை போனவர்களுக்கு முதல் நாளிலேயே இது பழகிவிடும்: கொப்புளம், கூட நடப்பவரின் கதை, வழியில் தெரியாதவர் நீட்டும் பழம். தூண்கள் மேல் நிற்கும் கல் தானியக் களஞ்சியங்களைத் தாண்டி, மாட்டுக் கொட்டகை வாசனைக்குள், ஊர்களின் கொல்லைப்புறமாகத்தான் பாதை போகிறது. பேருந்தில் போகிறவர் பார்க்கும் கலீசியா வேறு.

மூன்றாம் நாள் மதியம் மெலீதே வரும். கடலிலிருந்து தள்ளி இருக்கும் இந்த ஊர் எண்காலிக்கு, அதாவது ஆக்டோபஸுக்குப் பெயர் பெற்றது. சமைக்கும் பெண்களைப் புல்பெய்ரா என்பார்கள். கொதிக்கும் செப்பு அண்டாவில் மூன்று முறை முக்கி முக்கி எடுத்துவிட்டு, அப்புறம்தான் முழுதாக உள்ளே விடுவார்கள். தோல் உரியாமல் இருக்க அது. வெந்ததும் கொக்கியால் தூக்கி, கத்தரிக்கோலால் மரத் தட்டின் மேலேயே வில்லை வில்லையாக நறுக்கி, கல்லுப்பு, சிவப்பு மிளகாய்த் தூள், ஆலிவ் எண்ணெய். அவ்வளவுதான். தட்டும் இரண்டு பல்குத்தியும் வந்து சேரும். நீண்ட மேசை, நீண்ட பெஞ்சு; எனக்கு இடப்பக்கம் டிராக்டரில் வந்த விவசாயி, எதிரே நனைந்த காலுறையைக் காயவைத்துக்கொண்டிருந்த கொரிய நாட்டுப் பெண். விவசாயி தன் ரொட்டியைப் பிட்டு என் தட்டின் எண்ணெயைக் காட்டினார், தொட்டுச் சாப்பிடு என்று. யாரும் யாரையும் அறிமுகம் செய்துவைக்கவில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கலீசியா கொஞ்சம் கஷ்டம்தான். வறுத்துக் கல்லுப்பு தூவிய பத்ரோன் மிளகாய் (சில காரும், சில காராது), உள்ளூர்ப் பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு ஆம்லெட், பாதாம் கேக் என்று ஓட்டலாம். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் பன்றிக் கொழுப்பு போட்டிருப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் அந்தலூசியாவே மேல்: கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்த செவியாக் கூட்டு, கரும்புப் பாகு ஊற்றிய கத்திரிக்காய் வறுவல், மேலே போடும் இறைச்சித் துண்டு வேண்டாம் என்று சொல்லி வாங்கினால் சல்மொரேஹோ என்னும் குளிர்ந்த தக்காளி சூப். போக்குவரத்திலும் தெற்குதான் சுலபம். மத்ரீதிலிருந்து செவியாவுக்கு அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம். கலீசியாவில் சாந்தியாகோ வரை ரயில் இருக்கிறது. அதற்கு மேல் கடற்கரைக் கிராமங்களுக்குப் பேருந்து குறைவு, கார் எடுக்க வேண்டும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? வயதான பெற்றோரோடு போகிறீர்கள், இதுதான் முதல் ஐரோப்பியப் பயணம் என்றால் அந்தலூசியா. அதிலும் செவியாவை விடக் கோர்தோபாவிலோ காடிஸிலோ அறை எடுங்கள், மே முதல் பாதி கிடைத்தால் விடாதீர்கள். சாப்பாட்டுக்காகவே உயிரை விடுபவர், பிப்ரவரியில் விடுமுறை என்றால் பாஸ்க். ஆறு நாள் நடக்கக் கால் இருந்தால், வேறு யோசனை வேண்டாம், கலீசியாதான். ஜூன் அல்லது செப்டம்பர். ஜூனில் இரவு 10 மணி தாண்டித்தான் அங்கே சூரியன் மறையும். சாந்தியாகோ சேர்ந்த பிறகு ஒரு நாளை மிச்சம் வைத்துக்கொண்டு ஃபிஸ்தெர்ராவுக்குப் போங்கள். நிலம் முடியும் இடம் என்று பெயரிலேயே பொருள். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில் உட்கார்ந்தால், முன்னால் அட்லாண்டிக் மட்டும்தான்.