-30-ஆ, -46-ஆ? வினிபெக் குளிரில் எந்த எண்ணைப் பார்ப்பது

ஜனவரியில் கனடாவின் வினிபெக் நகர வானிலை அறிக்கை சில நாட்களில் இரண்டு எண்களைச் சொல்லும்: வெப்பநிலை -30, விண்ட் சில் (காற்றும் சேர்ந்து தோல் உணரும் குளிர்) -46. எதை நம்புவது என்று புதிதாக வந்தவர்கள் தடுமாறுவார்கள். இரண்டும் சரிதான், பயன்தான் வேறு.

தோலுக்கு
வெப்பநிலை: காற்றில்லாத -30இல் மூடாத தோல் உறைய 10 முதல் 30 நிமிடம் ஆகலாம்.
விண்ட் சில்: அதே -30இல் மணிக்கு 30 கிமீ காற்று அடித்தால் -46. இப்போது 5 முதல் 10 நிமிடம்தான். பேருந்து கொஞ்சம் தாமதமானால் போதும், காது நுனி மரத்து வெளுத்துவிடும்.

காருக்கு
வெப்பநிலை: இதுதான் கணக்கு. இரவு -15க்குக் கீழே போனால் என்ஜினைச் சூடாக வைத்திருக்கும் பிளாக் ஹீட்டரை மின்சாரத்தில் செருகிவிடுங்கள்.
விண்ட் சில்: காற்று என்ஜினைச் சீக்கிரம் குளிரவைக்கும், ஆனால் -30க்குக் கீழே கொண்டுபோகாது.

தண்ணீர்க் குழாய்க்கும் அப்படியே. வெப்பநிலை +2, விண்ட் சில் -5 என்றால் தண்ணீர் உறையாது.

விண்ட் சில்லுக்கு ஒரு குறை உண்டு. 2001இல் கனடா ஏற்றுக்கொண்ட சூத்திரம், நடந்துபோகும் ஒருவரின் முகத்தை வைத்துப் போட்டது. வெயிலைக் கணக்கில் எடுக்காது. ஆனாலும் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும்போது நான் அதை மட்டும்தான் பார்ப்பேன். -40ஐத் தொட்டால் கண்ணைத் தவிர எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். கையுறையைவிட விரல்கள் ஒட்டியிருக்கும் மிட்டன் நல்லது. வெப்பநிலையை முந்தின இரவே பார்த்து, காரைச் செருகிவிட்டுப் படுக்கலாம்.