ரோபோ கிரீஸ் வாளி வாங்குபவர்கள் கவனம்: 41,300 ரூபாய் போச்சு

வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். 16 கிலோ வாளி, 35,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 41,300. தொழிற்சாலைச் சாமான் விற்கும் ஓர் ஆன்லைன் தளத்தில், 'அங்கீகாரம் பெற்ற டீலர்' என்று போட்டுக்கொண்ட கடை. கேட்டது மோலிவைட் ஆர்இ நம்பர் 00 என்ற கிரீஸ். எங்கள் வெல்டிங் ரோபோ கையின் ஜே2, ஜே3 (இரண்டாம், மூன்றாம் மூட்டு) ஆர்வி ரெட்யூசர்களுக்கு, அதாவது மோட்டார் வேகத்தைக் குறைக்கும் கியர் பெட்டிகளுக்கு, கையேடு சொல்வது அதைத்தான்.

நம்ப வைத்தது ஒரே ஒரு பிடிஎஃப். லாட் நம்பர் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) போட்ட டெஸ்ட் சர்டிபிகேட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சார், இதே லாட்தான் வரும்" என்றார்கள். முழுப் பணமும் முன்னாடியே போட்டாச்சு. வந்த வாளியில் லாட் ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தில் பசைத் தடம் மட்டும். அங்கேயே நிறுத்தியிருக்கணும். உற்பத்தி லைன் நிற்பது ஞாயிறு ஒரு நாள்தான் என்ற அவசரத்தில் ஏற்றிவிட்டோம்.

00 கிரேடு என்றால் ஊடுருவல் அளவு 400 முதல் 430; இந்த எண் கூடக் கூட கிரீஸ் இளகல். கரண்டியில் எடுத்தால் இட்லி மாவு மாதிரி வழிந்து மட்டமாகும். இவர்கள் அனுப்பியது கரண்டியில் முனை கட்டி நின்றது, சாதாரண பேரிங்குக்கு அடிக்கும் 2-ம் நம்பர் (265–295) மாதிரி. பழைய வாளி அடியில் ஒட்டியிருந்த மிச்சத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதற்குள் ஜே2 நிரம்பிவிட்டது.

கெட்டி கிரீஸை ரெட்யூசருக்குள் விட்டால், பற்கள் ஒதுக்கித் தள்ளிய இடத்திலேயே சுவராக நின்றுவிடும். உள்ளே உருளும் பின்னுக்கும் பல்லுள்ள சைக்ளாய்டு தட்டுக்கும் நடுவே திரும்பி வராது. உலோகத்தோடு உலோகம் உரசும், சூடேறும், இரும்புத்தூள் ஏறும். பம்ப் அடிக்கும்போதே எதிரழுத்தம் கூடி ஆயில் சீலைத் தள்ளும். பழைய கிரீஸ் வெளியேறும் அவுட்லெட் பிளக் திறந்துதான் இருந்தது, பம்பின் காற்றழுத்தமும் 0.3 எம்பிஏ-வை (மெகாபாஸ்கல்) தாண்டவில்லை. ஆனாலும் மூன்றாம் நாள் ஜே2-வில் உறுமல், மோட்டார் பொருந்தும் ஃபிளாஞ்ச் விளிம்பில் கசிவு. இந்த கிரீஸைக் கெட்டியாக்கியிருப்பது லித்தியம் சோப்பா, வேறு ஏதாவதா என்றே தெரியாது. சேராத இரண்டு கிரீஸ் கலந்தால் இளகி எண்ணெய் பிரியும், அந்தப் பயம் தனி.

கடைக்குப் போன் போட்டால் முதலில் "ரோபோ பழசா இருக்கும் சார்." அப்புறம் "வாளி சீல் உடைச்சிட்டீங்களே." அப்புறம் "மேனேஜர் டூர்ல இருக்கார்." தளத்தில் புகார் போட்டால் 7 நாள் ரிட்டர்ன் முடிந்தது என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். பில்லை எடுத்துப் பார்த்தால், பிராண்டும் இல்லை, கிரேடும் இல்லை: 'இண்டஸ்ட்ரியல் கிரீஸ் – 16 கிலோ' அவ்வளவுதான்! 41,300 ரூபாய்க்கு அதுதான் பில். புது ஆயில் சீல், திரும்ப நிரப்ப அசல் கிரீஸ், நின்ற லைன், இதெல்லாம் அந்த 41,300-இல் சேராது.

விரிவாக அறிவுரை எழுத உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. பில்லில் பிராண்டு, கிரேடு, லாட் நம்பர் மூன்றும் இல்லாமல் பணம் போடாதீர்கள். வாளி லாட்டும் சர்டிபிகேட் லாட்டும் ஒன்றா என்று பிரிக்கும் முன்பே வீடியோ எடுங்கள். பழைய மிச்சம் 100 கிராம் எப்போதும் டப்பாவில் வைத்திருங்கள், ஒப்பிட. ஏற்றியதையும் வெளியே வந்ததையும் எடை போடுங்கள், வெளியே வந்தது ரொம்பக் குறைந்தால் உடனே நிறுத்துங்கள். ஜே2-வைத் திரும்பக் கழுவப் போகணும், மீதியைப் பிறகு எழுதுகிறேன்.